கொடுவா கடிக்காத கார்த்திகை

அன்று காலை ஏரிக்கரையில் இருந்தது மூன்று பேர்: என் அண்ணன், நான், அங்கே ஆடு பார்த்துக்கொண்டிருந்த பெங்காலி பாய். இல்லாதவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் அண்ணனின் முதலாளி. அர்பாப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் விருந்தாளிகளோடு சாயங்காலம் வருவதாக இருந்தது. இன்னொருவர் சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். எனக்கு அண்ணியாக வரவிருந்தவர். அவர் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. ஆனால் அன்று நாங்கள் செய்ததெல்லாம் அவரை முன்னிட்டுத்தான்.

ஏரி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் கல் உடைத்து எடுத்த பள்ளம் அது. கல் எடுப்பதை நிறுத்திய பிறகு ஊற்றுத் தண்ணீர் ஏறி அப்படியே நின்றுவிட்டது. மூன்று பக்கம் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் மட்டும் லாரி இறங்கி ஏறிய சரிவு. அகலம் பெரிதில்லை. ஆழம்தான் பயமுறுத்தும். அண்ணன் ஒருமுறை கயிற்றில் இரும்புத் துண்டைக் கட்டி இறக்கிப் பார்த்தார். கையிலிருந்த கயிறெல்லாம் போன பிறகுதான் தரை தட்டியது. மேலே இழுத்தபோது இரும்பில் கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது, அழுகிய முட்டை நாற்றத்தோடு.

“அடியில என்னமோ செத்துக் கெடக்குடா,” என்று சொல்லிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினார். அதோடு அதை மறந்துவிட்டோம்.

கோடையில் அந்தத் தண்ணீர் ஒரு வேடிக்கை. குளிக்க இறங்கினால் கழுத்து வரைக்கும் கொதிக்கும். காலை நீட்டித் துழாவினால் கீழே குளிரும். “மேல ரசம், கீழ ஐஸ் மோரு,” என்பார் அண்ணன். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று சேராமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பது எங்களுக்கு வேடிக்கையாக மட்டும்தான் பட்டது.

அர்பாப் வாலிபத்தில் கடலில் மீன் பிடித்தவராம். முழங்கால் இரண்டும் போய்ப் படகில் ஏற முடியாமல் ஆன பிறகு, கடலைத்தான் விட வேண்டும், மீனை ஏன் விட வேண்டும் என்று யோசித்திருக்கிறார். எங்கோ பண்ணையிலிருந்து டேங்கர் லாரியில் கொடுவாக் குஞ்சுகளை வாங்கிவந்து இந்தப் பள்ளத்தில் விட்டார். நம் ஊரில் கழிமுகத்தில் கிடைக்கிற அதே கொடுவா. உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் பிழைக்கும். அவற்றுக்குத் தீனியாக ஜிலேபிக் கெண்டையும் விட்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள என் அண்ணனை விட்டார்.

அண்ணன் அதற்கு முன் சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். எங்கள் ஊரான சூரங்குடியில் கண்மாய்ச் சேற்றில் வளர்ந்த உடம்பு, உயரத்தில் ஏறினால் தலை சுற்றும். அதனால் அர்பாபின் தோட்டத்து வேலை கிடைத்ததும் சம்பளம் குறைவு என்று பார்க்காமல் பிடித்துக்கொண்டார். மாதம் தொள்ளாயிரம் திர்ஹம். அதில்தான் அக்கா இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. அதில்தான் நான் காரைக்குடிக்கு பஸ்ஸில் போய் பி.காம். படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் பாஸாகி, ராஸ் அல் கைமா டவுனில் ஒரு கட்டடச் சாமான் கடையில் பில் போடும் வேலைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனுக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. காதோரம் நரை. ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “டை அடிச்சாத் தெரியுமாடா?”

அந்த வருஷம்தான் பெண் அமைந்தது. போட்டோ பார்த்து, ஜாதகம் பார்த்து, பூ வைத்து, தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இனி அண்ணன் போய் இறங்க வேண்டியதுதான். பாஸ்போர்ட் அர்பாப் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

அர்பாபும் முடியாது என்று சொல்லவில்லை. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை தன் பழைய சிநேகிதர்களைக் கூட்டிவந்து தூண்டில் போட வைக்க வேண்டும் என்பது அவருக்கு இரண்டு வருஷத்து ஆசை. மீன் அப்போதுதான் ஆளுயரத்தில் பாதியாவது வளர்ந்திருந்தது.

“பார்ட்டி கலாஸ், தும் காவ் ஜாவ். தீன் மஹினா. டிக்கெட் மேரா,” என்றார். பார்ட்டி முடிந்ததும் ஊருக்குப் போ, மூன்று மாதம் இரு, டிக்கெட் என் செலவு. அதற்குப் பிறகு ஏரியில் மீன் குறைந்துவிடும், மிச்சத்தைப் பெங்காலி பாயே பார்த்துக்கொள்வார் என்பது அவருடைய கணக்கு. நியாயமான கணக்குதான்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் ஷேர் டாக்ஸி பிடித்து அண்ணனிடம் போய்விடுவேன். போன் கார்டைச் சுரண்டி, நம்பர் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஊரில் பெண் வீட்டிலேயே போன் இருந்தது. அண்ணனுக்கு அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாது. மீனைப் பற்றியே பேசுவார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

“சாப்ட்டீகளா?”

“ம். நேத்து ஒரு கொடுவா துள்ளுச்சு பாரு, ஆத்தி…”

“என்னையச் சாப்ட்டியான்னு கேக்க மாட்டீகளா? மீனு சாப்ட்டுச்சா இல்லையான்னுதேன் ஒங்களுக்குக் கவல.”

“இல்ல இல்ல. நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். அது எம்புட்டு நீளம் இருக்கும், அந்தக் கொடுவா?”

“இந்தா, இம்புட்டு,” என்று அண்ணன் இரண்டு கையையும் விரித்தார்.

“அண்ணே, போன்ல கையக் காட்டுற,” என்று நான் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் கார்டில் காசு தீர்ந்தது. அண்ணன் கையை மடக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை பாதியில் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது தெரியும். ஒரே நாளில் ஏசியை அணைத்துவிட்டுப் போர்வையைத் தேடுவோம். இரண்டு நாள் விடாமல் அடித்தது. மலையில் ஒரு மழையும் பெய்தது. புதன்கிழமை கடைக்குப் போன் வந்தது.

“தம்பி, மீனு திங்க மாட்டேங்குதுடா.”

“வயிறு சரியில்லாம இருக்கும்ணே. ஓமத்தண்ணி குடு.”

“வெளையாடாத. தண்ணியும் ஒரு மாதிரியா கலரு மாறிக் கெடக்கு. நாளைக்கு டூட்டி முடிச்சு நேரா வந்துரு.”

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் போய்விட்டேன். நான் பார்த்துப் பழகிய பச்சைத் தண்ணீர் இல்லை அது. ஆறிப்போன டீயின் நிறம். சரிவில் இறங்கும்போதே அடைத்த வீட்டுக்குள் நுழைந்தால் வருகிற மாதிரி ஒரு வாடை. அண்ணன் வாளியிலிருந்து ஒரு மத்தி மீனை எடுத்து வீசினார். முன்பெல்லாம் மத்தி விழுந்ததும் கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும், கொடுவா வாயைப் பிளந்து உறிஞ்சுகிற சத்தம். அன்று மத்தி விழுந்தது, மிதந்தது, காற்று தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் ஒதுக்கியது. அங்கே ஏற்கனவே ஏழெட்டு மத்திகள் ஒதுங்கிக் கிடந்தன.

“காலையில இருந்து போட்டது,” என்றார்.

இறால் போட்டோம். கோழி ஈரல் போட்டோம். உயிருள்ள கெண்டைக் குஞ்சைக் கொக்கியில் மாட்டி, ஆழத்துக்கொன்றாக இறக்கிப் பார்த்தோம். தூண்டில் நரம்பு தொய்ந்தே கிடந்தது. பெங்காலி பாய் கரையில் குந்தியபடி பார்த்துவிட்டு, “மச்லி கோ புகார் ஹை,” என்றார். மீனுக்குக் காய்ச்சலாம்.

“இவரு ஒருத்தரு. ஆட்டுக்கு ஊசி போடுற கையி, மீனுக்கும் போட்டு விடுங்க பாய்,” என்று அண்ணன் தமிழில் எரிந்து விழுந்தார். பாய்க்குப் புரியவில்லை. ஆனால் கோபம் புரிந்தது. எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அர்பாபுக்குப் போன் பண்ணி ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. சிநேகிதர்களில் ஒருவர் தோஹாவிலிருந்து இதற்கென்றே வந்திருந்தார். “அந்த மனுசன் பிளைட்டேறி வந்துருக்காரு. மீனு சாப்பிட மாட்டேங்குது, போயிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லச் சொல்றியா? தள்ளிப் போட்டா என் லீவும்ல தள்ளிப் போகும்? நோம்பு, பெருநாள்னு இவுக காலண்டரு ஒரு பக்கம் ஓடுது. நம்ம தை மாசம் நிக்குமாடா?”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடியும் தூண்டில் போட்டோம். ஒன்றுமில்லை. அண்ணன் சரிவில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தொடையைத் தட்டினார்.

“அழிச்சுப் பாப்பமாடா?”

இந்த வார்த்தையை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது துண்டை வீசி ஊர் மொத்தத்தையும் மீன் பிடிக்க இறக்கிவிடுவார்கள். அதற்குக் கம்மாய் அழிக்கிறது என்று பெயர். பெயர்தான் அப்படி. நானூறு ஐந்நூறு பேர் இடுப்பளவு தண்ணீரில் ஊத்தாக் கூடையோடு இறங்கி மிதித்துக் கலக்குவார்கள். தண்ணீர் சேறாகும். மூச்சு முட்டி மீன்கள் வாயை மேலே தூக்கும். அமுக்கிப் பிடிக்க வேண்டியதுதான். அன்றைக்கு எல்லா வீட்டுச் சட்டியிலும் குழம்பு கொதிக்கும். “ஒங்க ஊர்ல கம்மா அழிஞ்சிருச்சா?” என்பது எங்களுக்குச் சந்தோஷமான விசாரிப்பு.

“அடியில போய்ப் படுத்துக்கிட்டு ராங்கி பண்ணுதுக. கலக்கி விட்டா மேல வந்துதானே ஆகணும்? வந்துச்சுன்னா அவுக தூண்டிலத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூக்கு முன்னாடி போடுறத எது வேணாம்னு சொல்லும்?” என்றார் அண்ணன்.

அவர் சொன்னது சரியாகவே பட்டது. எனக்கும் அதுதான் தெரியும். நான் படித்த பி.காமில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒரு காய்ந்த பேரீச்ச மரத்துண்டில் இரும்புச் சங்கிலிகளைச் சுற்றிக் கட்டினோம். அண்ணன் சின்னப் படகில் அதை ஏற்றிக்கொண்டு எதிர்ப் பாறைக்குப் போய்த் தண்ணீரில் தள்ளுவார். இந்தப் பக்கம் கயிற்றின் முனையைப் பழைய பிக்கப் வண்டியில் கட்டிப் பெங்காலி பாய் சரிவில் மேலே ஓட்டுவார். மரம் அடிமண்ணை உழுதுகொண்டே வந்து கரையேறும். மறுபடியும் படகு, மறுபடியும் பிக்கப். நான் கயிறு சிக்காமல் பார்த்துக்கொண்டேன். இழுக்க இழுக்கத் தண்ணீரில் கறுப்புப் புகை மாதிரி மேலே வந்து விரிந்தது. குமிழி குமிழியாகப் பொங்கியது.

“நாறுதுண்ணே.”

“சேறுன்னா மல்லியப்பூவாடா மணக்கும்? இழு.”

“யல்லா, யல்லா,” என்று பாயும் வண்டியிலிருந்து சத்தம் கொடுத்தார். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அவர்கள் ஊர்க் குளத்திலும் இப்படித்தானாம். வெகு நாளைக்குப் பிறகு மூவரும் ஒரு வேலையைச் சிரித்துக்கொண்டு செய்தோம்.

ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று பாய் கைகால் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் முதல் கொடுவா மேலே வந்தது.

பாறையோரமாக வந்தது. முதுகு வெள்ளியாகப் பளபளத்தது. வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துத் திறந்து திறந்து மூடியது. பிறகு இன்னொன்று. பிறகு நடுவில் நாலைந்து. திரும்பிப் பார்க்கும் இடமெல்லாம் வாய்கள்.

“வந்துட்டானுகடா! தம்பி, பார்றா, கம்மா அழிஞ்சிருச்சுடா!” அண்ணன் படகில் எழுந்து நின்று ஆடினார். கவிழ்ந்துவிடப் போகிறார் என்று நான் கத்தினேன். கரைக்கு வந்ததும் ஈரக் கையோடு என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது நாள்வரை நம்பர் போடத் தெரியாது என்று என்னிடம் நீட்டியவர், அன்று மனப்பாடமாகப் போட்டார். போன் கார்டுகூட இல்லாமல் நேரடியாக.

“இந்தா, நாந்தேன். மீனு மேல வந்துருச்சு. ஆமா, எல்லாம்… அவ்வளவுதேன், சாயந்தரம் பார்ட்டி முடிஞ்சா… ஆமா. சாப்ட்டியா?”

கேட்டுவிட்டார். நான் அதைக் கவனித்து அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு அவர் ஒரு மத்தியை எடுத்து, ஒரு கொடுவாவின் வாய்க்கு முன்னாலேயே மெதுவாகப் போட்டார். மத்தி அதன் மூக்கில் இடித்து நகர்ந்தது. கொடுவா வாயைத் திறந்தது, மூடியது. மத்தியைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அண்ணன் குனிந்து கையாலேயே அதை எடுத்தார். அது திமிறவில்லை. கைகளுக்குள் ஒருமுறை உடம்பை வளைத்தது, அவ்வளவுதான். தண்ணீரில் திரும்ப விட்டபோது பக்கவாட்டில் சாய்ந்து வயிற்றைக் காட்டியது.

கண்மாயில் மேலே வருகிற மீனை அப்போதே பிடித்துவிடுவோம். பிடிக்காமல் விட்டால் அதற்கு என்ன ஆகும் என்று எங்களில் யாரும் நின்று பார்த்ததில்லை.

அண்ணன் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தார். நிமிர்ந்து நின்றது. கையை எடுத்தால் சாய்ந்தது. அடுத்ததைப் பிடித்தார். அதற்குள் நடுவில் இருந்தவை ஒவ்வொன்றாகப் புரள ஆரம்பித்தன. நல்ல தண்ணீர் குழாயைத் திறந்து, பேரீச்ச மரங்களுக்குப் போகும் ஓஸை இழுத்து வந்து ஏரிக்குள் விட்டேன். அந்தப் பள்ளத்துக்கு அந்த ஒரு ஓஸ் எந்த மூலைக்கு? தொழுகை முடிந்து வந்த பாய், வண்டியை விட்டு இறங்கியவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அர்பாப் வந்தார். இரண்டு லேண்ட் குரூசரில் வெள்ளைக் கந்தூரா அங்கிகளில் அஞ்சாறு பேர், புதுத் தூண்டில்கள், ஐஸ் பெட்டி. தோஹாக்காரர் வண்டியிலிருந்தே தூண்டிலை உறையோடு சுழற்றிக்கொண்டு இறங்கினார். சரிவில் பாதி இறங்கியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தண்ணீர் தெரியாமல் வெள்ளை வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது.

அர்பாப் முழங்கால் வலியோடு தண்ணீர் வரை இறங்கி வந்தார். ஒரு மீனை எடுத்துக் கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கழுவிக்கொள்ளாமல் அந்தக் கையோடேயே நின்றார்.

“லேஷ்?” என்று கேட்டார். ஏன்?

அண்ணன் சொல்ல முயன்றார். “அர்பாப்… மச்லி நீச்சே… ஹம் ஊப்பர்…” கைகளால் கலக்கிக் காட்டினார். கண்மாய் அழிப்பை அவருக்கு இந்தியில் சொல்லத் தெரியவில்லை. நான் இடையில் புகுந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் ஊர் ஏரியில் இப்படித்தான் மீனை மேலே கொண்டுவருவோம் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்கள் ஊர் ஏரி எவ்வளவு ஆழம் என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் என் இடுப்பில் கையை வைத்துக் காட்டினேன்.

அவர் என் இடுப்பைப் பார்த்தார். எதிரே செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும் பாறையைப் பார்த்தார். “கலாஸ்,” என்றார். சிநேகிதர்களிடம் அரபியில் ஏதோ சொன்னார். அவர்களில் ஒருவர் அவர் தோளில் கைபோட்டு மேலே கூட்டிக்கொண்டு போனார். மேலே கம்பளம் விரித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து கஹ்வா குடித்துவிட்டுப் போனார்கள். புதுத் தூண்டில்களை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்த இரண்டு நாள் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். மூவரும் மீன்களை அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம். அண்ணன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துப் போட்டார். சிலவற்றை அவருக்கு அடையாளம் தெரியும். முதுகில் தழும்பு உள்ளது, வால் கிழிந்தது, எப்போதும் முதலில் வந்து மத்தி வாங்குவது.

ஒரு வாரம் கழித்து அர்பாப் ஒரு மலையாளியை அனுப்பினார். மீன் தீவனம் விற்கும் கம்பெனியில் டெக்னீஷியன். வயரில் கட்டிய ஒரு கருவியைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்திப் பார்த்தார். மேலே என்ன சூடு காட்டியதோ அதேதான் அடியிலும் காட்டியது. “கண்டோ? மாறிக் கழிஞ்ஞு,” என்று எங்களிடம் காட்டினார். தண்ணீர் மாறி முடிந்துவிட்டதாம்.

அவர் பாதித் தமிழில் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இப்போது இப்படிப் புரிந்துவைத்திருக்கிறேன். கோடையில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகும். கீழ்த் தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இரண்டும் கலப்பதில்லை. அண்ணனின் ரசமும் மோரும்தான் அது. கீழே மக்குகிற தீனியும் சருகும் அங்கிருக்கிற உயிர்க்காற்றைத் தின்று தீர்த்துவிடும். மாதக்கணக்கில் அடித் தண்ணீர் செத்த தண்ணீராகக் கிடக்கும். குளிர்காற்று அடித்ததும் மேல் தண்ணீரும் குளிர்ந்து கனத்து இறங்கும். மேல் கீழ் என்ற பேச்சே இல்லாமல் மொத்த ஏரியும் ஒரு புரள் புரளும். செத்த தண்ணீர் எல்லா இடத்திலும் கலந்துவிடும். அப்போது மீனுக்கு நிற்க இடம் தெரியாது, மூச்சே பாடாக இருக்கும், தீனி எடுக்காது. அந்தக் கார்த்திகையில் எங்கள் கொடுவாக்கள் அடியில் படுத்து ராங்கி செய்யவில்லை. எங்கே மூச்சு விடலாம் என்று தேடிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த சேற்றையும் நாங்கள் உழுது அவற்றின் மூக்கில் விட்டோம்.

“சும்மா விட்டிருந்தா?” என்று அண்ணன் கேட்டார்.

“காற்று அடிச்சு அடிச்சுத் தண்ணி சரியாகும். பத்துப் பதினைஞ்சு நாள். அப்புறம் பசியோடே வரும் பாருங்க, வெறும் கொக்கியைக் கடிக்கும்,” என்றார் டெக்னீஷியன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அர்பாப் லீவைக் கொடுக்க மாட்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை. மீன் பணத்தில் பாதியாவது கழியட்டும், புதுக் குஞ்சு விட்டு அது நிலைக்கட்டும், பிறகு போ என்றார். பாஸ்போர்ட் பெட்டியிலேயே இருந்தது.

தையைத் தள்ளி ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவைப் பெண் வீட்டில் கேட்கச் சொன்னோம். அம்மா போய்க் கேட்டுவிட்டு வந்து போனில் அழுதார். பிறகு பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார்.

“மாப்ள, நெசமான காரணம் என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க. மனசுல வச்சுக்கிறேன்.”

“மாமா, மீனு செத்துப்போச்சு மாமா. அதேன் நெசம்.”

“மீனு செத்ததுக்கு யாராச்சும் கல்யாணத்தத் தள்ளி வப்பாகளா? பத்திரிக்க குடுத்த வீட்டுல போயி நான் என்னன்னு சொல்றது? மீனுக்குத் தீட்டுன்னா? ஊரே சிரிக்கும் மாப்ள.”

“மாமா…”

“அங்கிட்டு வேற குடும்பம் கிடும்பம் இருந்தாச் சொல்லிருங்க. நான் கோவப்பட மாட்டேன்.”

அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் படித்தவன், எடுத்துச் சொன்னால் நம்புவார் என்று நினைத்திருக்கலாம். மேல் தண்ணீர், கீழ்த் தண்ணீர் என்று நான் ஆரம்பித்தேன். “தம்பி, படிச்ச பிள்ள நீங்களும் இப்பிடிப் பேசுறீகளே,” என்றார் அவர். போன் கை மாறும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்.

“தம்பி, நீங்களா? அவுக பக்கத்துல இருக்காகளா?”

“இருக்காக.”

“அந்தப் பெரிய கொடுவாவும் செத்துருச்சா?”

“ஆமா.”

“நான் நம்புறேன்னு சொல்லுங்க,” என்றார். பிறகு யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

அதே முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில், திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பையனுக்கு அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். மண்டபத்துக்கு நாங்கள் கொடுத்திருந்த அட்வான்ஸைப் பெண் வீட்டார் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த முகூர்த்த நாளில் நான் கடைக்குப் போகாமல் அண்ணனிடம் போயிருந்தேன். தண்ணீர் பழையபடி பச்சையாகியிருந்தது. இருவரும் சரிவில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வழக்கம்போல வாளியிலிருந்து ஒரு மத்தியை எடுத்து வீசினார். ஜிலேபிக் கெண்டைகள் கொஞ்சம் பிழைத்திருந்தன, அவற்றுக்காக. மத்தி விழுந்ததும் கன்னத்தில் அறைந்த மாதிரி அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் பிளந்து மூடியது. எப்படியோ ஒன்று தப்பியிருக்கிறது.

அண்ணன் எழுந்து நின்றார். இரண்டாவது மத்தியை எடுத்தார். வீசவில்லை. திரும்ப வாளியில் போட்டுவிட்டு, “பசியோட வரும்னு டெக்னீசியன் சொன்னான்ல,” என்றார்.

அவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பிறகு வந்த ஜாதகங்கள் எதையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. டை அடிப்பதையும் விட்டுவிட்டார். வருஷா வருஷம் வடக்குக் காற்று கிளம்பியதும் அர்பாபுக்குப் போன் பண்ணி, இந்த மாதம் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அர்பாபும் சரி என்கிறார்.

மீனுக்கென்று அண்ணன் சம்பளத்தில் மாதம் முந்நூறாகப் பதினாறு மாதம் பிடித்தார்கள். மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு திர்ஹம்.